திருத்தச் சீட்டு

ஒயிட்ஃபீல்டு குட்ஸ் ஷெட்டில்
எனக்கு முதலில் கொடுத்த வேலை ஒட்டுவது.
டெல்லியிலிருந்து மெல்லிய தாளில் திருத்தச் சீட்டு வரும்.
கட்டணப் புத்தகத்தில் பழைய எண்ணின் மேல்
கோந்து தடவி ஒட்ட வேண்டும்.
உப்புக்கு ஒரு வகுப்பு, உரத்துக்கு ஒன்று,
உயிருள்ள எருமைக்கு ஒன்று,
அதன் எலும்புக்கு வேறொன்று.
ஒட்டி ஒட்டி உப்பிய புத்தகம்
மூட மறுக்கும். எடைக்கல் வைப்பேன்.

யார் வந்து கேட்டாலும் அதே எண்.
எண் கிடைக்கும்.
வேகன் கிடைக்காது.
மாலூர் ஓட்டுச் சூளைக்காரர் தொட்டமாதய்யா
பதினேழு நாள் காத்துப் பார்த்துவிட்டு
பதினெட்டாம் நாள் தயிர்சாதம் கட்டி வந்து
என் மேஜைக்கு எதிரிலேயே சாப்பிட்டார்.
கை கழுவி வந்து சொன்னார்:
‘நியாயமான விலைம்மா.
சரக்குதான் போகல.’

பிறகு தனியாருக்கு உரிமம் தந்தார்கள்.
தண்டவாளம் எங்களது, இன்ஜினும் எங்களது,
பெட்டியும் பேரமும் உங்களது என்று.

முதல் ரேக் வந்தது,
நாற்பத்தைந்து வேகன், தொண்ணூறு பெட்டி,
எல்லாம் ஆரஞ்சு.
தேங்காய் உடைத்தார்கள்.
சில்லைப் பொறுக்கியபடி மேஸ்திரி சடையாண்டி கேட்டார்,
‘உள்ளே என்ன?’
யாருக்கும் தெரியவில்லை.
அதுவரை வேகன் கதவு திறக்குமுன்பே சொல்லிவிடுவார்
மஞ்சளா, மிளகாயா, நனைந்த கோதுமையா என்று.
இந்தப் பெட்டிக்கு வாசனை இல்லை.
கதவில் ஒரு சீல், அதில் ஏழு இலக்கம்.
அவருடைய நாற்பது ஆட்களின் வேலையை
ஹாசனிலிருந்து வந்த ஒரு பையன்
கிரேனில் உட்கார்ந்து, காதில் பாட்டோடு,
மத்தியானத்துக்குள் முடித்தான்.

நானும் தனியாருக்குப் போனேன்.
சம்பளம் இரண்டரை மடங்கு. மறைக்க என்ன இருக்கிறது?
அங்கே புத்தகம் இல்லை, தொலைபேசிதான்.
காலை எட்டு மணி விலை
கே.ஆர். மார்க்கெட் மல்லிகை மாதிரி
மதியத்துக்குள் வாடிவிடும்.
கிரானைட்காரருக்கு ஒன்று சொல்வேன்,
காபிக்காரருக்கு ஒன்று.
இருவரும் ஒரே டீக்கடையில் நிற்பதைப் பார்த்தால்
வயிற்றைக் கலக்கும்.
முன்பு வேகன்தான் ரகசியம்.
இப்போது விலை.

ஆனால் சரக்கு போனது, அதையும் சொல்ல வேண்டும்.
இரவு பதினொன்றரைக்கு விட்டால்
மறுநாள் மாலை சென்னைத் துறைமுகம்.
பெட்டி எங்கே என்று கேட்டால் திரையில் காட்டுவேன்:
இதோ, குப்பத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே
மெயிலுக்கு வழிவிட்டு
சிவப்புப் புள்ளியாய் மூச்சு வாங்குகிறது.

தொட்டமாதய்யா ஒருமுறை போன் செய்தார்.
ஒரே ஒரு வேகன் ஓடு.
‘குறைந்தது ஒரு ரேக் வேணும்’ என்றேன்.
சிரித்தார்.
பின்னால் லாரி ஹாரன்.
பதில் அதுதான்.

அப்புறம் ஒரு சுற்றறிக்கை.
ஒரே இரவில் இழுவைக் கட்டணம் ஏறியது.
எங்களோடு ஓடுகிறவரே
ஓடும் தடத்துக்கும் சுங்கம் வாங்கினார்.
போகும்போது நிறைந்த பெட்டிகள்
திரும்பும்போது காற்றை ஏற்றி வந்தன,
காற்றுக்கும் இழுவை கட்டினோம்.
மூன்று ரேக்கில் இரண்டை விற்றார்கள்,
மூன்றாவதை வங்கி எடுத்துக்கொண்டது.

காடுகோடி வேலியோரம் ஒரு பெட்டி மட்டும் மிச்சம்.
சடையாண்டி அதற்குக் காவல்.
உள்ளே என்ன என்று இப்போது அவருக்குத் தெரியும்:
ஒரு ஸ்டூல், ஒரு டேபிள் ஃபேன், அவர்.

பாக்கி இல்லைச் சான்றிதழுக்காக
பழைய ஷெட்டுக்குப் போயிருந்தேன் போன வாரம்.
அலமாரி மேல் அதே புத்தகம், எடைக்கல் இல்லாமல்
வாய் பிளந்து.
நடுவில் ஒட்டப்படாத சீட்டு ஒன்று.
கூரை ஓடு, ஒரு வகுப்பு கீழே.
தேதி, அவர் தயிர்சாதம் தின்றதற்கு முந்தின நாள்.

கோந்து பாட்டில் காய்ந்து கல்லாயிருந்தது.
எச்சில் தொட்டு ஒட்டினேன்.
நிற்கவில்லை.