கூடுதல் பிரீமியம்

செத்தால் வரும் பணத்துக்கு ஒரு கட்டம்.
அதில் கையெழுத்துப் போட்டாயிற்று.
அடுத்த கட்டம் பயனிழப்பு.
உயிர் இருக்கும், உழைப்பு இருக்காது,
அதற்கு வருஷம் ஆறாயிரத்து இருநூறு தனி
என்கிறார் தேவகோட்டை வைரவன்,
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி.

பவளம் கொள்ளு தின்றுகொண்டிருக்கிறாள்.
தன் விலை பேசப்படும்போது
ஒரு காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்புகிறாள்.

அடையாளம் எழுதினார்:
செம்பழுப்பு, பெட்டை, வயது ஒன்பது,
இடது பின்னங்காலில் கணு வரை வெள்ளை,
கழுத்தின் வலப்பக்கம் ஒரு சுழி.
அந்தச் சுழி ஆகாதென்று மூன்று பேர் ஒதுங்கியதால்தான்
அந்தியூர்ச் சந்தையில்
இருபதாயிரம் குறைந்து எனக்குக் கிடைத்தாள்.
கம்பெனிக்கு அது வெறும் சுழி.
அந்த ஒரு விஷயத்தில் கம்பெனியைப் பிடித்தது எனக்கு.

பயன் என்ன, என்று கேட்கிறது படிவம்.
விரல் நீளத்துக்குக் கோடு விட்டிருக்கிறார்கள்.
மாப்பிள்ளை அழைப்பு, என்றேன்.
கானாடுகாத்தான் ஓட்டலில் வெள்ளைக்காரர்களுக்குச் சாரட்டு.
சினிமாக்காரர்கள் வந்தால் நாளைக்கு எட்டாயிரம்,
போன தடவை மூன்று நாளும்
சும்மா நின்றதற்கே கொடுத்தார்கள்.
கோடு தீர்ந்துவிட்டது.
ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது,
அப்போது தின்கிறாள், தூங்குகிறாள், அவ்வளவுதான்,
அது பயனிழப்பில் சேருமா, என்றேன்.
வைரவன் சிரித்தார்.
நான் அறுபது நாள் தீவனத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

உள்ளே மகள் இலக்கணம் ஒப்பிக்கிறாள்.
எழுவாய், செயப்படுபொருள், பயனிலை.
பயனிலை வராமல் வாக்கியம் முடியாதாம்.

வைகாசியில் பள்ளத்தூர்க் கல்யாணம்.
வளவுக்குள்ளேயே குதிரை வரணும் என்று
மாப்பிள்ளையின் சித்தப்பா ஒற்றைக்காலில் நின்றார்.
ஆத்தங்குடிக் கல். முந்தின நாள்தான்
தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்திருந்தார்கள்,
முகம் பார்க்கலாம்.
மாப்பிள்ளை இறங்கின பிறகு சறுக்கினாள், அதுவரைக்கும் என் அதிர்ஷ்டம்.
நாலு காலும் நாலு திசை.
நாயனம் நின்றுபோன அந்த அரை நிமிஷம்
எந்திரிடி எந்திரிடி என்று கத்தினேனாம்.
மகளின் புத்தகத்தில் அதற்குச் சொல், எழுவாய்.

எழுந்தாள். பதினோரு நாள் நொண்டினாள்.
ஜெசிந்தா டாக்டர் மூட்டை அழுத்திப் பார்த்து
எலும்பு தப்பிச்சது, இன்னொரு தடவை தப்பாது, என்றார்.
மூன்று முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குத்தான் இவரைக் கூப்பிட்டதே.
கூட்டத் தெரியாதவள் இல்லை நான்.
பத்து வருஷம் கட்டினால் அறுபத்திரண்டாயிரம்.
ஒரே ஒரு தடவை கால் போனால்
ஒன்றரை லட்சத்தில் முக்கால் பங்கு.
இரண்டு டாக்டர் கையெழுத்து வேண்டும், கிடைக்கும்.
கணக்குப்படி கட்ட வேண்டியதுதான்.

பணம் வாங்கின பிறகு குதிரை யாருக்கு?
கம்பெனிக்கும்மா.
நடக்காத குதிரையைக் கம்பெனி என்ன செய்யும்?
வைரவன் டம்ளரைப் பார்த்தார்.
டீ எப்போதோ தீர்ந்திருந்தது.
அப்படியும் ஒரு வாய் குடித்தார்.

நல்ல மனுஷர். பொய் சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் கட்டத்தில் குறுக்கே கோடு போட்டேன்.
தம்பி கேட்டால் திட்டுவான்,
திட்டினால் நியாயம்தான்,
என்றைக்காவது ஒரு கல்லில் வழுக்கும்போது
அவன் சொன்னது சரியென்று தெரியலாம்.

மறுநாள் காரைக்குடியில் தென்னைநார்ப் பாய் வாங்கினேன்.
நாலடி அகலம், அறுபதடி நீளம்,
நாலாயிரத்து முந்நூறு, அதற்குமேல் குறைக்க மாட்டேனென்றான்.
இனி எந்த வளவிலும் பவளத்துக்கு முன்னால் அது போகும்.
போட்டோவில் அசிங்கமாக விழுகிறது என்று
சித்தப்பாக்கள் முகம் சுளிக்கட்டும்.

சுருட்டினால் ஒரு ஆள் கனம்.
கோட்டையூர் வரை அவள் முதுகில்தான் ஏற்றி வந்தேன்,
படிவத்தில் எழுத இடமில்லாத வேலை.
பாதி வழியில் நின்றாள், கழுத்தைத் திருப்பினாள்,
முகர்ந்தாள்,
நான் பிடிப்பதற்குள் ஒரு ஓரத்தைக் கடித்துப்
பிய்த்துவிட்டாள்.