நீலச் சதுரம்

விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்:
ஒளிக்கும் நிலத்துக்கும் இடையே ஓர் உரையாடல்.
ஆறு வாரம், தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு.
பூம்பாறைக்கு மேலே
பழைய உருளைக்கிழங்குக் கிடங்கு ஒன்று
ஸ்டுடியோ என்று பெயரை மாற்றிக்கொண்டு
எனக்காகக் காத்திருந்தது.

ப்ரொஜக்டர் பதினெட்டு கிலோ.
வத்தலக்குண்டு தாண்டி ஏறும் வளைவுகளில்
அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
ஜீப் ஓட்டிய மரியசூசை
கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்,
குழந்தைக்கு வாந்தி வருமோ என்பதுபோல.

முதல் வாரம்
வாட்டில் மரங்கள்மேல் புல்லைப் படமாகப் போட்டேன்.
அங்கே முன்பு புல்வெளி இருந்ததாம்.
காகிதத்தில் நல்ல யோசனை.
காற்று வந்தபோது புல் அசையவில்லை,
மரம்தான் அசைந்தது.
இலைமேல் விழுந்த புல்
இரண்டுமில்லாத ஒரு பச்சையாய்க் கலங்கி நின்றது.

பிறகு மஞ்சு.
பாறைக்கு அனுப்பிய என் மீன்கள்
பாறைக்குப் போய்ச் சேரவில்லை,
பாதிவழியில் மஞ்சு வாங்கிக்கொண்டது.
வாங்கியதை வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை அதற்கு.
ஒரு மீனின் வால் பள்ளத்தாக்கில் இறங்கிப் போனது,
கண் மட்டும் என் கைக்கெட்டும் தூரத்தில்.
திரையின் நான்கு மூலைகளைக் குறி என்றது மென்பொருள்.
மூலையே இல்லாத ஒன்றுக்கு
இரவு ஒரு மணிவரை
மூலை தேடிக்கொண்டிருந்தேன்.

விட்டில்கள் வேறு.
லென்ஸுக்கு அருகில் ஒன்று பறந்தால்
எதிர்க் குன்றில் யானை அளவு நிழல்.
காலையில் கூட்டினால் ஒரு முறம்.
அதற்குப் பிறகு ஒன்பது மணிக்கே அணைத்துவிடுவேன்.
இதை எங்கும் எழுதி அனுப்பவில்லை.

நாலாம் வாரம்
கீழ் வயலிலிருந்து தவமணி ஏறி வந்தார்.
'இந்த லைட்ட எங்க பூண்டுப் பக்கம் திருப்புவீங்களா?
ரெண்டு நாளா பன்னி வருது.
படமெல்லாம் வேணாம், வெறும் வெளிச்சம் போதும்.'

வெறும் வெளிச்சம்.
என்னிடம் இதுவரை யாரும் கேட்காத வேலை.

மூன்று எக்ஸ்டென்ஷன் ஒயரை இணைத்து
கல்வரப்புக்கு இறக்கிவைத்தோம்.
வெள்ளை என்பதும் ஒரு படம்தான்,
லேப்டாப்பிலிருந்துதான் அனுப்ப வேண்டும்.
அனுப்பினேன்.
படிப்படியாய்ப் பூண்டு தெரிந்தது,
விரற்கடை உயரம், வரிசை பிசகாமல்.
சாக்கை விரித்துக் கடுங்காப்பி குடித்தோம்.
மகளுக்கு மதுரையில் நர்சிங் சீட் கிடைத்ததைச் சொன்னார்,
கட்டணத்தையும் சொன்னார்.
பன்னி வரவில்லை.

பதினோரு மணிக்கு லேப்டாப் தூங்கிப்போனது.
வெள்ளை போய் வயல் முழுக்க நீலம்,
நடுவில் வெள்ளெழுத்தில்
நோ சிக்னல்.

அப்போதுதான் வலப்புறமிருந்து அது வந்தது.
காட்டுமாடு. ஒற்றை.
கறுத்த விலாவில் நீலம் ஏறியது.
வெள்ளைக் காலுறை போட்ட கால்களிலும் நீலம்.
முதுகுத் திமிலில் நோ,
வயிற்றில் சிக்னல்.
மூச்சை இழுத்தபோது எழுத்து விரிந்தது,
விட்டபோது சுருங்கியது.
தவமணி என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார்.
பூண்டை மோந்து பார்த்தது,
பிடிக்கவில்லை போல.
நான் படமெடுக்கவில்லை.
மரியாதையால் என்று பிறகு பலரிடம் சொன்னேன்.
கேமரா மேலே கிடங்கில் சார்ஜில் கிடந்தது.

அது நகர்ந்தது.
எழுத்து கூடப் போகவில்லை,
பூண்டுத் தாள்கள்மேல் விழுந்து உடைந்து கிடந்தது.
'அணைச்சிராதீங்க' என்றார் தவமணி,
மெல்ல.

கடைசி நாள் படிவம்:
ஊடகம், அளவு, கால நீளம்.
வெளியே மரியசூசை ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.
அளவு என்ற கட்டத்தில்
'மூச்சைப் பொறுத்தது' என்று எழுதினேன்.
மற்றவை காலி.

ப்ரொஜக்டர் பெட்டியின் கைப்பிடியில்
போன வருடத்துப் பூண்டு ஒரு கட்டு
யாரும் பார்க்காதபோது தொங்கவிடப்பட்டிருந்தது.
வத்தலக்குண்டு வரை ஜீப் மணந்தது.
லென்ஸ் துடைக்கும் துணி
இன்னும்.