ஈர எடை

நாற்பத்தேழாம் எண் சாக்கு
கொட்டும் மழையில் வந்தது.
கொண்டுவந்த காவலரின் தொப்பி விளிம்பிலிருந்து
என் பதிவேட்டில் சொட்டிய நீர்
தேதியை நீலமாய்க் கரைத்தது.
குத்தாயிசியில் நவம்பர் என்றால் அப்படித்தான்.
ரியோனி பாதி தரையில் ஓடும்,
மீதி வானத்தில்.

அவிழ்த்தேன். பச்சை வாடை.
கையுறைக்குள் விரல்நுனி சில்லிட்டது.
இலை, தண்டு, சேறு தட்டிய வேர்.
உதறக் கூடாது, பிழியக் கூடாது,
வந்தது வந்தபடி தட்டில் ஏற வேண்டும்.
நானூற்றுப் பத்து கிராம்.
எழுதிக் கையெழுத்திட்டேன்: நானுலி.
மேலே போய்விட்டது, கோட்டுக்கு மேலே.
கோட்டுக்குக் கீழே என்றால் வைத்திருந்தவன்.
மேலே என்றால் கடத்தியவன்.

வண்டியில் மூன்று பேராம்.
பழைய நீவா, பின்கதவு கயிற்றால் கட்டியது.
சாக்கு யாருடையது என்றதும்
ஒருவன் ஜன்னலைப் பார்த்தான்,
ஒருவன் தன் முழங்காலை.
ரேவாஸ் மட்டும் வாயைத் திறந்து கெட்டான்:
"வண்டி என்னுடையது."
அவ்வளவுதான் சொன்னான்.
மற்றதை அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

கைவசம் என்ற சொல்லில் ஒரு கை இருக்கிறது.
சட்டத்துக்கு அந்தக் கை தேவையில்லை.
தொட்டிருக்க வேண்டாம், எட்டினால் போதும்.
எட்டுவது தெரிந்திருந்தால் போதும்.

ஜனவரியில் வக்கீலம்மா த்சியாலா
இருமிக்கொண்டே ஒரு மனு போட்டார்.
மறு எடை.
சான்றறையில் வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்தில்
இரண்டு மாதம் கிடந்த சாக்கு
தூக்கினால் சரசரத்தது.
நூற்றிருபது.
தட்டைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
நூற்றிருபதேதான்.

நீதிமன்றத்தில் என்னைக் கேட்டார்கள்: இதில் எது எடை?
இரண்டும் என்றேன்.
எழுத்தர் சிரிப்பை மடக்கிக்கொண்டார்.
அரசு வழக்குரைஞர் மல்காஸ் எழுந்தார்.
"பிடித்த நேரத்தில் இருந்ததே எடை.
மழையையும் அவன்தானே ஏற்றிக்கொண்டு வந்தான்?"

சட்டப் புத்தகத்தில் செடியின் பெயர் இருக்கிறது,
அளவு இருக்கிறது, ஆண்டுகள் இருக்கின்றன.
தண்ணீர் என்ற சொல் இல்லை.
சாட்சிக் கூண்டில் நின்றபடி
பதிவேட்டின் பின்னட்டையில் ஒரு கணக்குப் போட்டேன்,
போட்டிருக்கக் கூடாது.
இரண்டு எடைக்கும் நடுவே இருநூற்றுத் தொண்ணூறு கிராம்.
இரண்டு தண்டனைக்கும் நடுவே ஐந்து ஆண்டு.
ஐம்பத்தெட்டு கிராம் மழைக்கு
ஓர் ஆண்டு.

ரேவாஸ் தரைக்கு ஓடு பதிப்பவன்.
நகக்கண்ணில் இன்னும் வெள்ளைச் சிமெண்டு.
கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து
என் முகத்தை அவன் பார்க்கவே இல்லை,
கைகளைத்தான் பார்த்தான்.
நீதிபதி கேட்டார், "அந்த நீரை அன்றே பிரித்திருக்க முடியாதா?"
"காத்திருந்தால் தானே போயிருக்கும், ஐயா.
காத்திருக்கும்படி எனக்கு உத்தரவில்லை."
தீர்ப்பு வியாழக்கிழமை.

அன்றும் மழை.
வீட்டில் ஆணியில் மகனின் மேலங்கி
கீழே ஒரு சின்னக் குளம் தேக்கியிருந்தது.
குளியலறையில் தண்ணீர்ச் சத்தம், வாஜா
அரைகுறையாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.
அடுப்பருகே போடலாமென்று எடுத்தேன்.
உள்பையில் ஒரு காகித மடிப்பு,
நனைந்து, மெத்தென்று.
பிரிக்கவில்லை. வாடையே சொன்னது.
பதினோரு ஆண்டு தராசோடு கிடந்த விரல்கள்,
நான் கேட்காமலே,
நாலு கிராம் என்றன.
ஈரத்தோடு.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.
எட்டியது. தெரிந்தது.
மேலங்கி இன்னும் என் கையில்தான் இருந்தது.

நாற்காலி முதுகில் விரித்துப் போட்டேன்.
அடுப்பில் இன்னொரு விறகு வைத்தேன்,
காயட்டும் என்று.