கரைக்கு ஒன்பதடி

"படகிலா, கரையிலா?"
தூண்டில் கடை ஆர்விட் கேட்டதும்
கொஞ்சம் தாமதித்துச் சொன்னேன்:
கரை.

படகு ஹார்லனுக்கு, டுலூத் நீதிமன்றத் தீர்ப்பின்படி.
நடு ஏரியும் கூடவே.

ஆறடிக் கோலைத் திரும்ப மாட்டிவிட்டு
ஒன்பதடி எடுத்தான். நுனி
கூரை விளக்கில் பட்டு நடுங்கியது.
"முனை மெத்தென்று இருக்கணும்,
இல்லாவிட்டால் வீச்சிலேயே அட்டை பிய்ந்துவிடும்.
தண்ணீரில் தளர்ந்து கிடக்கிற நூலை
நீளக் கோல்தான் ஒரே இழுப்பில் அள்ளும்."

கார் சன்னலுக்கு வெளியே
நுனி ஆடிக்கொண்டே வந்தது.

பாறைகள். மே மாதக் குளிர்.
மிதவை படுத்தே கிடந்தது.
நூல் அதனூடே வழுக்கி வழுக்கி இறங்கி
முடிச்சு வந்து இடித்ததும்
எழுந்து நின்றது.

பதினோரு அடி.
கரைக்கு இவ்வளவு பக்கத்தில்.
ஹார்லன் சொன்னதே இல்லை.