காரணம் எழுத இரண்டு வரி

ஐந்து ரோடு பக்கம் பெரிய ஆஸ்பத்திரி.
காப்பீட்டு மேசையில் என் டோக்கன் நாற்பத்தாறு.
நாற்பத்தைந்துக்கு முழங்கால், நாற்பத்தேழுக்குக் கண்புரை.
அவரவர் சத்தமாகச் சொல்கிறார்கள்,
மாப்பிள்ளை உத்தியோகத்தைச் சொல்வதுபோல.
நான் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டினேன்.
ஷர்மிளா பானு படித்தாள். முகம் மாறவில்லை.
அதற்கே அவளுக்கொரு கும்பிடு.
"லிஸ்ட்ல சேலத்துக்கு ஒருத்தர்தான் சார்."

அந்த ஒருத்தர் நல்ல மனிதர்,
கல் எடுப்பதில் கைராசிக்காரர்.
இதை எத்தனை பேருக்கு வைத்திருக்கிறீர்கள் என்றேன்.
மின்விசிறியைப் பார்த்தார்.
"ரெண்டு."
கொஞ்சம் கழித்து,
"அதுல ஒண்ணுக்குக் கூட நின்னேன்."

முப்பத்தொரு வருஷம் உருக்காலையில்
தகடு பார்த்தவன் நான்.
மயிரிழை தடித்தாலும் சாக்பீஸால்
பெருக்கல் குறி போட்டு ஒதுக்கியவன்.
குறைந்த விலைக்காரனுக்கே டெண்டர் என்று
மேலே முடிவானபின்
லாரியில் வந்திறங்கும் உருப்படிகளின் லட்சணம் தெரியும்.
இப்போது டெண்டர் என் உடம்புக்கு.

புராஸ்டேட்டை எடுத்து மூன்று வருஷம்.
புற்று போயிற்று. கூடவே போனதை
டிஸ்சார்ஜ் சீட்டில் யாரும் எழுதவில்லை.
மாத்திரை, ஊசி, காற்றிழுக்கும் குழாய்
எல்லாம் பீரோவின் கீழ்த்தட்டில்,
கல்யாணப் பட்டுக்குப் பின்னால்.
கட்டிலின் நடுவில் அந்த மூன்றாவது தலையணை
எந்த மாதம் வந்து படுத்தது என்று
எங்கள் இருவருக்கும் தெரியாது.

கண்டுபிடித்தது கோகிலம்தான்.
சூரமங்கலம் தபாலாபீசில்
இருபது வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவள்,
யாரிடமும் எதையும் கேட்கக் கூசாதவள்.
மருந்துக்கடைப் பையனிடம் கேட்டு,
அவன் சொன்ன நர்சிடம் கேட்டு
ஒரு விலாசத்தோடு வந்தாள்:
டாக்டர் ரெபேக்கா தனராஜ், நாகலூர் ரோடு, ஏற்காடு.
மாதம் இரண்டு வியாழன் கீழே இறங்கி
அழகாபுரத்தில் இருபது படுக்கை ஆஸ்பத்திரியில் வெட்டுவார்.
லிஸ்டில் இல்லை. அந்த ஆஸ்பத்திரியும் இல்லை.

பொம்பளை டாக்டரா என்றேன்.
"ஏன், பிரசவத்துக்கு எனக்கு ஆம்பளைதானே பார்த்தான்?"
ஏழாவது கொண்டை ஊசி வரை நான் வாய் திறக்கவில்லை.
பதினாறாவதில் முன்னால் போன பஸ்ஸின்
பிரேக் கருகும் நாற்றம்.

மேசையில் ஒரு மிளகுக்கொடிப் படம்,
பாதி குடித்த காப்பி.
டாக்டர் அந்தச் சாதனத்தை என் கையில் வைத்தார்:
இரண்டு உருளை, உப்புநீர்ப் பை,
விதைப்பைக்குள் உட்காரும் சின்னப் பம்பு.
புரட்டிப் பார்த்தேன். இணைப்பில் பிசிறில்லை.
கேள்வியைக் கோகிலம் கேட்டாள்.
எத்தனை?
"இருநூத்திப் பதினொண்ணு."
நான் எழப் போனேன், திருப்தியாக.
"உக்காருங்க. ஒன்பது பேருக்குத் திரும்ப எடுத்தேன்.
ஆறு பேருக்குச் சீழ். ரெண்டு மெஷின் கோளாறு.
ஒண்ணு என் தப்பு. அளவு தப்பாப் போட்டேன்."

எந்தச் சப்ளையரும் எனக்கு
தன் கழிவுப் பதிவேட்டைத் திறந்து காட்டியதில்லை.

ஆறரை லட்சம். கோகிலம்
தன் அஞ்சலக வைப்பை முதிர்வுக்கு முன்னால் உடைத்தாள்.
கவுண்டரில் பழைய சிநேகிதி எதற்கென்று கேட்டாளாம்.
"வீட்டு ரிப்பேருக்கு."

தையல் பிரித்துப் பத்து நாள்.
பணம் திரும்பக் கேட்கும் படிவத்தில்,
பட்டியலுக்கு வெளியே சென்றதன் காரணம்,
இரண்டு வரி இடம்.
எழுதினேன்: "ஒன்பதைச் சொன்னார்."
கோகிலம் கண்ணாடியை ஏற்றிப் படித்தாள்.
அவங்களுக்கு இது புரியாது என்றாள்.
அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.
பசை தடவி ஓரம் அழுத்திவிட்டு,
பதிவுத் தபாலில் போடு,
ஒப்புகை அட்டையை மறந்துடாதே என்றாள்.