தடைக்காலக் கணக்கு

"ஏழு வருஷத்து ஸ்டேட்மென்ட்டா?
பாஸ்புக்லயே இருக்குமேம்மா."
காசிமேட்டுக் கிளையில்
பாஸ்புக் மிஷின் என்றைக்கு ஓடியது, சார்?

மனுவில் காரணம் என்ற கட்டம்.
'தெரிந்துகொள்ள' என்று எழுதி
அடித்துவிட்டு
'திரும்பக் கேட்க' என்று எழுதினேன்.
கீழே, பிலோமினா சகாயராஜ்.

பழைய தாளுக்கும் பக்கக் கணக்கில் பிடித்தம்.
மாட்டிய மீன்
வலைக்கு வாடகை கட்டுகிற மாதிரி.

நாற்பத்திரண்டு பக்கம் வந்தது.
ஐஸ் பெட்டி மூடிமேல் விரித்து
மகளின் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் சுழித்தேன்.
மினிமம் பேலன்ஸ்.
எஸ்எம்எஸ், பதினேழு ரூபாய் எழுபது காசு
(எந்த எஸ்எம்எஸ்? அந்த போன்
கடலில் விழுந்து மூன்று வருஷம்).
மறுபடி மினிமம் பேலன்ஸ்.

சுழிகள் ஒரே இடத்தில் மொய்த்தன:
ஏப்ரல் கடைசி, மே, ஜூன்.
லாஞ்சுகள் கட்டிக்கிடக்கும் மாதங்கள்.
மீன் முட்டையிடட்டும் என்று
கடலையே சும்மா விடுகிறது சர்க்கார்.
இவர்கள் கணக்கை விடவில்லை.
நிவாரணம் வரவான அன்றே
அடுத்த வரியில் பற்று.

பத்தொன்பதாம் பக்கம்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஏடிஎம், ஐந்நூறு.
மகளுக்கு மூச்சு இழுத்த இரவு.
அதன் கீழே
இருப்பு இல்லாததற்கு அபராதம்.
இரண்டாம் தடவையும் கார்டைச் செருகியிருக்கிறார்;
என்னிடம் சொல்லவில்லை.
சுழிக்கக் கை வரவில்லை.
அப்புறம் சுழித்தேன்,
தாள் கிழிகிற அளவுக்கு.

மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறாராம்.
"நாளைக்கு வாங்களேன்."
இல்லை, இருக்கிறேன்.
இன்றைக்கு மே இருபது.
அவரும் வாசலில்தான் நிற்கிறார்,
படகு இல்லாத கையோடு.