ஏறும் வழி

ஊதச் சொன்னார்கள். ஊதினேன்.
இன்னும், இன்னும், இன்னும் என்றாள் நர்ஸ்,
பிரசவ அறையில் நிற்பவள் போல.
எண்கள் நல்ல எண்கள்தான்.

டாக்டர் நெவென்கா ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்தார்.
வலது நுரையீரலின் மேல்மடல் இருந்த இடத்தில்
பேனா முனை.
"தையல் ஓரம் ஒரு காற்றறை.
பட்டாணி அளவு. கதவு இல்லை."

பட்டாணிக்கா இத்தனை பயம்?
முப்பத்தோரு வருடம் கிராபான் தீவைச் சுற்றிக்
கடற்பஞ்சு அறுத்தவன் நான்.

"இறங்குவதில் ஒன்றுமில்லை, ஷிமுன்.
ஏறும்போதுதான்.
முப்பது மீட்டரில் அடைபட்ட காற்று
மேலே வந்தால் நான்கு மடங்கு.
தழும்பு விரியாது. கிழியும்."
படிவத்தில் 'தகுதியில்லை' கட்டத்துக்குள்
கோணலாக ஒரு டிக்.

இப்போது படகில் கம்ப்ரசர் என் பொறுப்பு.
டீசல் புகை சிலிண்டருக்குள் போய்விடாமல் பார்ப்பேன்.
யெர்கோ அனுப்பும் பஞ்சை மிதித்துக்
கறுப்புச் சாறு பிழிவேன்.
காலை எடுத்ததும் அது
பழையபடி உப்பிக்கொள்கிறது, வெட்கமில்லாமல்.

யெர்கோவின் குமிழிகள் வருகின்றன.
அடியில் கடுகு,
பாதி வழியில் பட்டாணி,
படகோரம் சேரும்போது சாப்பாட்டுத் தட்டு.
உடைகின்றன.
ஒவ்வொன்றுக்கும் என் கை
சட்டைக்குள் விலாவைத் தேடிப் போகிறது.

ஐந்து மீட்டரில் அவன் நிற்க வேண்டும்,
மூன்று நிமிடம்.
கயிற்றைப் பிடித்தபடி நானும் நிற்கிறேன்,
மூச்சைப் பிடிக்காமல்.